‘நடத்தையில் சந்தேகம்’: அது யாருக்கு வந்த சந்தேகம்?

தஞ்சாவூரில் இதழியல் படித்துவிட்டு, இப்போது ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் பயிற்சி நிருபராக இருக்கும் ஒரு தங்கை கேட்கிறார்: “போலீஸ் கொடுத்த தகவலை உள்ளது உள்ளபடி எழுதுகிறோம். சொந்தக் கருத்து ஒரு வரிகூடச் சேர்ப்பதில்லை. அப்புறம் எப்படி, பாதிக்கப்பட்ட பெண்ணையே நாம் குற்றம் சொல்வதாகச் சொல்கிறார்கள்?”

நியாயமான கேள்விதான். 20 வருஷத்துக்கு மேல் டெல்டா பதிப்பின் டெஸ்க்கில் உட்கார்ந்திருந்தவன் நான். கேட்டவர்களுக்கெல்லாம் நானும் இதையேதான் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். இது எந்த ஒரு சம்பவமும் இல்லை. வாரத்துக்கு ஒன்றாவது என் கையைக் கடந்துபோன அச்சு, அவ்வளவுதான். “கும்பகோணம் அருகே நடத்தையில் சந்தேகமடைந்து மனைவியை வெட்டிக் கொன்ற கணவரைப் போலீசார் கைது செய்தனர். தம்பதியிடையே அடிக்கடி தகராறு ஏற்பட்டு வந்தது. சம்பவத்தன்று இரவு மனைவி நீண்ட நேரம் செல்போனில் பேசியதைக் கணவர் கண்டித்தார். இதில் ஏற்பட்ட வாக்குவாதத்தில் ஆத்திரமடைந்த அவர்...”

இதில் பொய் எங்கே என்று கேட்டால் காட்ட முடியாது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் நேராக, “இது யார் சொன்னது?” என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். நீண்ட நேரம் பேசினாள் என்று சொன்னது யார்? அவன். அவன் ‘கண்டித்தான்’ என்று சொன்னது? அவனே. வாக்குவாதம் வந்தது, ஆத்திரம் வந்தது, எல்லாம் அவன் சொன்னதுதான். வீட்டுக்குள் இருந்தது இரண்டே பேர். ஒருத்தி உயிரோடு இல்லை. மிச்சமிருப்பவன் சொன்ன கதையை ஸ்டேஷன் ரைட்டர் எழுதி, அதை ஏரியா நிருபர் வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதற்கு நான் தலைப்பு வைத்தேன். கொன்றவனுடைய கதை, நாலு கை மாறி வரும்போது, நடுநிலைச் செய்தியாகிவிட்டது.

‘கண்டித்தார்’ என்ற சொல்லையும் ஒரு தடவை பாருங்கள். வாத்தியார் மாணவனைக் கண்டிப்பார், பெரியவர்கள் பிள்ளைகளைக் கண்டிப்பார்கள். கண்டிக்கிறவர் மேலே, கண்டிக்கப்படுகிறவர் கீழே. தப்பு கீழே இருப்பவர்மேல். ஒரே வினைச்சொல்லில் அவன் பக்கம் தீர்ப்பு வந்துவிடுகிறது. மனைவி கணவனைக் கண்டித்ததாகவும் செய்தி வரும், அவன் குடிக்கும்போது. அப்போதும் அடுத்த வரி, “இதனால் ஆத்திரமடைந்த கணவர்” என்றுதான் போகும். கண்டித்தாலும் தப்பு அவளுடையது, கண்டிக்கப்பட்டாலும் அவளுடையது.

இன்னொன்று, ‘பரபரப்பு வாக்குமூலம்’. போலீஸ் அதிகாரியிடம் குற்றவாளி கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு எதிரான ஆதாரமாக நீதிமன்றத்தில் வைக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 23-ஆம் பிரிவு. அடித்து வாங்கியிருக்கலாம் என்பதால் அந்தப் பாதுகாப்பு, சரியான பாதுகாப்புதான். ஆனால் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாத அதே வாக்குமூலத்தை நாம் அரைப்பக்கத்துக்குப் போடுகிறோம். அதில் பாதி அவன் என்ன செய்தான் என்பதாக இருக்காது, அவள் எப்படிப்பட்டவள் என்பதாக இருக்கும். ‘ஆத்திரமடைந்த’ என்பதிலும் ஒரு சங்கதி உண்டு. கடுமையான, திடீரென்று மூட்டப்பட்ட ஆத்திரத்தில் தன்னிலை இழந்து கொன்றால், அதைக் கொலைக் குற்றமாகக் கொள்ளாமல் தண்டனையைக் குறைக்கச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவனின் வக்கீல் நீதிமன்றத்தில் மாதக்கணக்கில் வாதாடி நிறுவ வேண்டிய அந்த விஷயத்தை நாம் முதல் நாளே, முதல் பத்தியிலேயே, பீஸ் வாங்காமல் நிறுவிக் கொடுத்துவிடுகிறோம்.

இதெல்லாம் எனக்குத் தானாக உறைத்தது என்று சொன்னால் பொய். ஒரு தை மாதம், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். வெண்ணாற்றங்கரைப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார். சட்டையெல்லாம் வைக்கோல் சுணை. களத்திலிருந்து அப்படியே பஸ் ஏறியிருக்க வேண்டும். ஜவுளிக்கடை மஞ்சள் பையிலிருந்து எங்கள் பேப்பரின் ஒரு துண்டை எடுத்து மேசையில் விரித்தார். அவருடைய மூத்த மகளைப் பற்றிய செய்தி. தலைப்பு என்னுடையது.

“இதுல நடத்தையில் சந்தேகம்னு போட்டிருக்கே தம்பி, அது யாருக்கு வந்த சந்தேகம்?”

“மாப்பிள்ளைக்குத்தாங்க ஐயா. போலீஸ்ல அப்படித்தான் சொன்னாங்க.”

“அவனுக்கு வந்ததுன்னா அவனுக்கு வந்துச்சுன்னு எழுதலாமே. இப்பப் படிக்கிறவனுக்கெல்லாம்ல வருது.”

பெரியவர் சத்தம் போடவில்லை. வீட்டில் இன்னொரு பெண் இருக்கிறாள், அவளுக்கு ஒரு இடம் பார்த்தாக வேண்டும், அதனால் ஏதாவது மறுப்பு போட முடியுமா என்று மட்டும் கேட்டார். பொறுப்பாசிரியரிடம் போய்ச் சொன்னேன். கேஸ் நடக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. நானும் மறுபடி போய்க் கேட்கவில்லை.

தமிழ் வாக்கிய அமைப்புக்கும் இதில் பங்குண்டு. நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வரும், காரணம் முன்னால் வரும். “சமைக்கத் தாமதமானதால் மனைவியை அடித்துக் கொன்ற கணவர்” என்று எழுதினால், வாசிக்கிறவர் கொலைக்கு வந்து சேர்வதற்குள் சமையல் தாமதமானது மனதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். அந்த ‘ஆல்’ உருபையும் கவனியுங்கள். கத்தியால் வெட்டினான், மறுத்ததால் வெட்டினான். கருவிக்கும் காரணத்துக்கும் ஒரே உருபு. அவன் கையிலிருந்த கத்தியும் அவள் வாயிலிருந்து வந்த ‘முடியாது’ என்ற சொல்லும் ஒரே வரிசையில் நிற்கின்றன. காதலிக்க மறுத்ததால், பணம் தர மறுத்ததால், சேர்ந்து வாழ வர மறுத்ததால். எல்லாவற்றிலும் மறுத்தவள் அவள்.

‘ஒருதலைக் காதல்’ என்ற சொல்லும் இதே வகைதான். காரைக்காலில் 2012 நவம்பரில், தன்னை மணக்க மறுத்த ஒரு இளம் பொறியாளர் மீது ஒருவன் ஆசிட் ஊற்றினான். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து 2013 பிப்ரவரியில் அந்தப் பெண் இறந்துபோனார். அந்தச் சமயத்திலும் இந்தச் சொல் தாராளமாகப் புழங்கியது. ஒரு தலையில் மட்டும் இருந்ததற்குக் காதல் என்று ஏன் பேர்? பின்தொடர்தல், மிரட்டல், ஆசிட் என்று அவன் செய்ததற்கெல்லாம் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஆசிட் வீச்சுக்கென்று தனிச் சட்டப்பிரிவே 2013-இல் வந்துவிட்டது. ஆனால் ‘காதல்’ என்று ஆரம்பித்துவிட்டால் படிக்கிறவருக்கு அவன்மேல் கொஞ்சம் இரக்கம் வந்துவிடும். பாவம், ஏங்கியிருக்கிறான் என்று.

பாலியல் குற்றங்களுக்கு வருவோம். ‘கற்பழிப்பு’ இன்று பெரும்பாலும் ஒழிந்துவிட்டது, நல்லது. அழிந்தது அவளுடைய கற்பு என்று அது சொன்னது. அதாவது அவன் ஒரு குற்றம் செய்தான் என்பதைவிட, அவள் ஒன்றை இழந்துவிட்டாள் என்பதே செய்தியாக இருந்தது. வல்லுறவு, பாலியல் வன்கொடுமை என்று மாறியிருக்கிறோம். ‘கௌரவக் கொலை’ ‘ஆணவக் கொலை’ ஆனதும் இப்படித்தான். ஆகவே சொல்லை மாற்ற முடியாது, வாசகருக்குப் புரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாம் மாற்றியபோதெல்லாம் வாசகர் கூடவே வந்திருக்கிறார்.

மாறாமல் நிற்பவைதான் தொந்தரவு. ‘பாலியல் தொல்லை’ என்று ஒன்று. பஸ்ஸில் இடித்ததற்கும் இதே சொல், ஏழு வயதுக் குழந்தையைச் சிதைத்ததற்கும் இதே சொல். தொல்லை என்பது கொசு கொடுப்பது. ‘சில்மிஷம்’ இன்னும் மோசம். கிருஷ்ணன் வெண்ணெய் திருடியது மாதிரி ஒரு குறும்பு வாசனை அதில் வீசுகிறது. ‘ஈவ் டீசிங்’ என்ற பெயரில் 1998-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தையே 2002-இல் ‘பெண்களைத் துன்புறுத்துதல்’ என்று பெயர் மாற்றினார்கள். சட்டம் கைவிட்டது; மாவட்டப் பக்கம் இன்னும் விடவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ‘உல்லாசம்’. “ஆசை வார்த்தை கூறி மாணவியுடன் உல்லாசம்: வாலிபர் போக்சோவில் கைது.” போக்சோ என்றாலே பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே, அவருடைய சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பே கிடையாது என்று அர்த்தம். அதே வரியில் உல்லாசம் என்றால், உல்லாசம் யாருக்கு? டெஸ்க்கில் இதைக் கேட்டபோது, “கொச்சையா எழுதாம நாசூக்கா எழுதறோம் சார்” என்று ஒரு தம்பி சொன்னார். நாசூக்கு அவனுக்குத்தான் போய்ச் சேர்கிறது. பிறகு, “10-ஆம் வகுப்பு மாணவி கர்ப்பம்” என்ற தலைப்பு. எழுவாய் மாணவி, பயனிலை கர்ப்பம். செய்தவன் அந்த வாக்கியத்திலேயே இல்லை. ஏதோ மழை பெய்த மாதிரி நடந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான பழக்கமும் உண்டு: காமக்கொடூரன், மனித மிருகம். கோபத்தில் எழுதுகிறோம், புரிகிறது. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்வது, வல்லுறவு வழக்குகளில் 100-க்கு 90-க்கும் மேல் செய்தவன் தெரிந்தவன் என்று. சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், வாத்தியார். மிருகம் என்று எழுதி எழுதிப் பழக்கிவிட்டால், மிருகம் மாதிரி இல்லாத ஒருவரைப் பற்றி ஒரு குழந்தை வாய் திறக்கும்போது வீட்டில் யாரும் நம்புவதில்லை. “அவரா? அவர் அப்படிப்பட்டவர் இல்லையே” என்று முடிந்துவிடும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு வரி இருக்கிறது: “இவரது கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்து வருகிறார்.” மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை என்று எந்தத் தெருவில் போய்ப் பார்த்தாலும் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். அது சாதாரணத் தகவல். ஆனால் அந்தப் பெண் தாக்கப்பட்ட செய்தியில் இரண்டாம் பத்தியில் அந்த வரி வந்தால் அது தகவல் இல்லை, கண்ணடிப்பு. டீக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படிக்கிறவர் அந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்துவார். “ம்...” என்பார் எதிரே இருப்பவர். வேலை முடிந்தது. அவள் எதற்காக அந்த நேரத்தில் வாய்க்கால் பக்கம் போனாள், ஏன் தனியாக டூவீலரில் வந்தாள் என்பதும் இதே கணக்குதான். போன காரணத்தை எழுதாவிட்டால் செய்தி முழுமையாகாதாம். அவன் எதற்காக அந்த நேரத்தில் அங்கே இருந்தான் என்பதை மட்டும் எந்தச் செய்தியிலும் நான் பார்த்ததில்லை.

குடும்ப வன்முறைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘குடும்பத் தகராறு’. தகராறு என்றால் இரண்டு பேர் வேண்டும், இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் தப்பு இருக்கும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அடி உதையோடு நிறுத்தவில்லை. வசைபாடுவது, மனதை வதைப்பது, கட்டாயப் பாலுறவு, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது எல்லாமே வன்முறை என்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரையுள்ள, திருமணம் செய்துகொண்ட பெண்களில் ஏறக்குறைய 38 சதவீதம் பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்திய அளவில் அது 29 சதவீதம்தான். இத்தனை வீட்டிலும் நடப்பது தகராறா?

அந்தத் தகராறும் காணாமல் போகும் இடம் ஒன்று உண்டு: “தீராத வயிற்று வலியால் இளம்பெண் தற்கொலை.” எத்தனை ஆண்டுகளாக இந்த வயிற்று வலி தீராமல் இருக்கிறது! செய்தியின் கடைசி வரியைப் படியுங்கள்: “திருமணமாகி 3 ஆண்டுகளே ஆவதால் ஆர்டிஓ விசாரணை நடக்கிறது.” மணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இப்படி இறந்தால் சந்தேகத்தோடு பார் என்று சட்டம் சொல்வதால்தான் வருவாய்க் கோட்டாட்சியரின் (ஆர்டிஓ) அந்த விசாரணை. வரதட்சணைச் சாவுக்கான பிரிவு 1986-இல் வந்ததும் அதற்காகத்தான். சட்டம் சந்தேகப்படுகிறது, தலைப்பு நோயைக் கண்டுபிடித்துவிடுகிறது. வயிற்று வலி என்று சொன்னது யார் என்று அங்கேயும் பென்சிலை எடுங்கள். பெரும்பாலும் கணவர் வீட்டார்.

அடையாளம் பற்றியும் சொல்லியாக வேண்டும். வல்லுறவுக்கு ஆளானவரின் பெயரை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1983-இல் வந்த 228-ஏ பிரிவு அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது 72. பெயர் போடாவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எந்தத் தகவலைச் சேர்த்துப் பார்த்தாலும் அடையாளம் தெரியக் கூடாது என்றது. போக்சோவின் 23-ஆம் பிரிவு பள்ளி, குடும்ப விவரம், அக்கம்பக்கம் வரைக்கும் எழுதக் கூடாது என்கிறது. சென்னையில் “ஒரு தனியார் பள்ளி மாணவி” என்றால் யாருக்கும் தெரியாது. வலங்கைமான் பக்கத்தில் இருநூறு வீடு உள்ள ஊரின் பேரைப் போட்டு, “தந்தை கொத்தனார், தாய் இறந்துவிட்டார், 9-ஆம் வகுப்பு” என்றால் மதியத்துக்குள் அந்தத் தெருவில் கூட்டம் கூடிவிடும். நிருபர் அதை விவரம் என்று நினைத்துத்தான் எழுதுகிறார். நல்ல நிருபருக்கு விவரம் வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே நாங்கள்தான்.

பெயரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1992-இல் சிதம்பரம் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் ஒரு பெண்ணைக் காவலர்கள் கூட்டாக வல்லுறவு செய்தார்கள். அவருடைய கணவர் லாக்கப்பில் இறந்துபோனார். கொள்ளிடத்துக்கு வடகரையில் நடந்த அந்த வழக்கு இன்றுவரை அந்தப் பெண்ணின் பெயரால்தான் பேசப்படுகிறது. அந்தக் காவலர்களில் ஒருவர் பெயரையாவது உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது.

சரி, போலீஸ் எழுதியதைத்தானே போடுகிறோம் என்ற கேள்விக்கு வருகிறேன். போலீஸ் எழுத்தும் மனிதர் எழுத்துதான். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் தாக்கப்பட்ட வழக்கில் எஃப்ஐஆர் வெளியே கசிந்தது. அதன் வாசகங்களே பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்வதாக இருக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது (இந்தக் கண்டிப்பு சரியான கண்டிப்பு). மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளைக் கொண்ட புலனாய்வுக் குழுவை அமைத்து, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. எஃப்ஐஆரின் மொழியே தவறாக இருக்க முடியும் என்று ஒரு நீதிமன்றம் சொன்ன பிறகு, ‘அவர்கள் எழுதியதைப் போட்டோம்’ என்பது சமாதானமாகாது. நீதிபதிகளுக்கே எந்தச் சொல்லைத் தவிர்ப்பது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் கையேடு போட்டது. நம் டெஸ்க்குகளில் கையேடு என்பது சீனியர் சப்-எடிட்டரின் வாய்தான்.

நீங்கள் பயிற்சி நிருபர். ஆசிரியரை மாற்ற உங்களால் முடியாது. நான் அதைச் சொல்லவும் வரவில்லை. உங்கள் கையில் இருப்பது உங்கள் மூன்று பத்திதான். செய்தவனை எழுவாயாக வையுங்கள்: “மனைவியைக் கொன்றதாகக் கணவர் கைது.” காரணத்தை முதல் பத்தியில் வைக்காதீர்கள். போட்டே தீர வேண்டும் என்றால் சொன்னவன் பெயரோடு போடுங்கள்: “போலீசாரிடம் அவர் கூறியதாகத் தெரிகிறது” என்று. அதற்கு முன் அவள் எப்போதாவது மகளிர் காவல் நிலையத்திலோ சமூகநல அலுவலகத்திலோ புகார் கொடுத்திருந்தாளா என்று கேளுங்கள். பல தடவை கொடுத்திருப்பாள்; இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசி அனுப்பியிருப்பார்கள். உண்மையில் செய்தி அங்கேதான் இருக்கிறது. அதை எழுதினால் பக்கத்தில் இடமும் கிடைக்கும், இதை அனுபவத்தில் சொல்கிறேன். அடியில் 181 என்ற உதவி எண்ணையும், குழந்தை என்றால் 1098-ஐயும் போட ஒரு வரிதான் ஆகும்.

அந்தப் பெரியவர் வந்துபோன பிறகு, இந்த மாதிரிச் செய்தி வந்தால் பக்கம் முடிக்கும் நேரமாக இருந்தாலும் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடுவதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். முதல் தடவை போட்டது நன்றாக நினைவிருக்கிறது. ராத்திரி ஒன்பதரை. ரைட்டர் எடுத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தார் போல.

“அண்ணே, அந்தக் கொலை கேஸ்ல நடத்தை சரியில்லைன்னு நோட்ல இருக்கே, அக்கம்பக்கத்துல யாராவது சொன்னாங்களா? செல்போன் பார்த்தீங்களா?”

“அதெல்லாம் இனிமேதான் சார்,” என்றார். “இப்போதைக்கு அவன்தான் சொன்னான். அந்தம்மாதான் செத்துப்போச்சே, வேற யாரு சொல்லுவா?”